அண்டா சாவி: ஆபீஸ், சங்கம், கட்சி, எல்லாம் ஏன் ஒரே ஆள் கையில்?

1. தாம்வே கணக்கன்

யாங்கோனில் ஓர் இறக்குமதிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், கேட்காதீர்கள்.

போன மாதம் முதலாளி பேங்காக் போனார். ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் ஆபீசில் ஒரு காகிதம் நகரவில்லை. கம்பெனி முத்திரை அவர் மேசை இழுப்பறையில், இழுப்பறைச் சாவி அவர் இடுப்பில். காவல்காரருக்குச் சம்பளம் போகவில்லை. அவர் பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் பணம் கட்டக் கடைசி நாள் வந்துவிட்டது, பாவம், கேட் பக்கத்திலேயே நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். கைக்காசு கொடுத்தேன். முதலாளி திரும்பி வந்ததும் முதல் கேள்வி: "யாரைக் கேட்டுக் கொடுத்தாய்?"

சரி, அது அவர் கம்பெனி. விட்டுவிடலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அன்னதானத்துக்கு எங்கள் பகுதிச் சங்கத்து அண்டாவை எடுக்கப் போனேன். தலைவர் பத்தொன்பது வருஷமாக ஒருவரேதான். பாத்திரமெல்லாம் அவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில். பழைய அண்டாக்களில் கொடுத்தவர் பெயர் வெட்டியிருக்கும், இன்னார் உபயம் என்று. புதிதாக வந்த நாலு அண்டாவில் தலைவர் பெயர் வெட்டியிருக்கிறது. நாலும் சந்தாக் காசில் வாங்கியவை. ரசீது எழுதியதே நான்தான்.

முதலாளி வேறு, தலைவர் வேறு. ஆனால் எனக்கு இருவரும் ஒருவராகத் தெரிகிறார்கள். நாட்டு அரசியலைப் பார்த்தாலும் இதே கதை. ஏன் இப்படி? பெரியவர்கள் சொல்லுங்கள்.

2. லைங்தாயா தையல்

அண்ணே, சந்தாக் காசு அண்டாவிலா பெயர் வெட்டினார்! அடிப்பக்கத்திலா, பக்கவாட்டிலா?

3. தாம்வே கணக்கன்

விளிம்பில். சோறு போடும்போது எல்லாரும் பார்க்கிற இடத்தில்.

4. மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகட்டும். ஒரே ஒரு வேண்டுகோள். இங்கே எழுதுகிறவர்களில் பாதிப் பேர் நாட்டுக்குள் இருக்கிறார்கள். 2021 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு நடப்பவற்றைப் பற்றி ஊர் பெயர், ஆள் பெயர் போட்டு எழுத வேண்டாம். பழைய வரலாறு தாராளமாகப் பேசலாம்.

5. மோல்மேன் டீச்சர்

தம்பி, இதை நான் சொல் வழியாகத்தான் யோசிப்பேன், தொழில் புத்தி.

பர்மிய மொழியில் அதிகாரத்துக்கு இரண்டு சொல் உண்டு. ஒன்று 'ஆணா'. பாலி மொழியிலிருந்து வந்தது, நம்முடைய 'ஆணை'க்குச் சொந்தக்காரச் சொல். நாற்காலியால் வருவது. இன்னொன்று 'அவ்ஸா'. ஒருவரிடம் இயல்பாக இருக்கும் செல்வாக்கு. அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள், அதற்குப் பதவி வேண்டியதில்லை. எங்கள் தெருவில் பிரசவம் பார்த்த கிழவிக்கு அவ்ஸா இருந்தது. வார்டு ஆபீசருக்கு ஆணாதான். இவரைப் பார்த்தால் நாற்காலி போடுவோம், அவளைப் பார்த்தால் நாமே எழுந்து நிற்போம்.

உன் சங்கத் தலைவர் ஆரம்பத்தில் அவ்ஸாவோடுதான் வந்திருப்பார் என்று நினைக்கிறேன். பிறகு அது ஆணாவாகத் திரிந்துவிட்டது. பால் திரிகிற மாதிரி. எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. 'ஆனாதே'. அடுத்தவர் மனம் நோகுமே, சங்கடப்படுவாரே என்று வாயை மூடிக்கொள்வது. பர்மாக்காரர்களின் நல்ல குணம் என்று சொல்வார்கள், நல்ல குணம்தான். ஆனால் நூறு பேர் ஒரே அறையில் ஆனாதே என்று உட்கார்ந்திருந்தால் கூச்சமில்லாத ஒருவருக்கு அந்த அறை சொந்தமாகிவிடும். நமக்கும் அது நன்றாகவே ஒட்டிக்கொண்டுவிட்டது.

6. கிள்ளான் கடைக்காரன்

டீச்சர் சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் மறுபக்கமும் உண்டு. நான் பகோவில் பிறந்தவன், இப்போது மலேசியாவில் ஆறு பேரை வைத்துச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். ஒரு வாரம் ஊருக்குப் போனால் கல்லாவில் ஓட்டை விழுகிறது. முத்திரையை இழுப்பறையில் பூட்டி வைக்காமல் வாசலில் தொங்கவிடச் சொல்கிறீர்களா? சங்கத்திலும் பாருங்கள், பத்தொன்பது வருஷமாக அந்த மனிதர் ஒருவர்தான் காலையில் எழுந்து ஓடியிருப்பார். மற்றவர்கள் சாப்பிட வந்திருப்பார்கள். கோபப்படாதே தம்பி.

7. தாம்வே கணக்கன்

கோபமில்லை அண்ணே. ஓடினார், உண்மை. நர்கிஸ் புயலின்போது அவர்தான் அரிசி சேர்த்தார், அப்போது தலைவரான புதிது. அதனால்தான் கேட்க வாய் வரவில்லை.

8. டல்லா தாத்தா (பேரன் தட்டச்சு செய்கிறான்)

தாத்தா சொல்கிறார்: நீங்கள் எல்லாரும் முதலாளியையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் அப்பா காலத்தில் முதலாளி முகத்தையே யாரும் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் மேஸ்திரியை.

அப்பா ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அங்கே கூலிகளில் பெரும்பங்கு தெலுங்குக்காரர்கள், நம் ஆட்களும் இருந்தார்கள். கப்பல் கம்பெனி கூலிக்கு நேராகப் பணம் தராது. ஸ்டீவடோர் என்று ஒரு குத்தகைக்காரர், அவருக்குக் கீழே பெரிய மேஸ்திரி, அவருக்குக் கீழே சின்ன மேஸ்திரி. கூலி இத்தனை கையும் தாண்டி வரும், ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். ஊரிலிருந்து கப்பல் ஏற முன்பணம் கொடுத்தவரும் மேஸ்திரிதான், படுக்க இடம் கொடுத்தவரும் அவர்தான். முன்பணம் தீர்வதே இல்லை. அப்பா சொல்வார்: "அவன் என்னை அடித்ததே கிடையாது. அடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை."

1930 மே மாதம் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த இடத்துக்குப் பர்மியக் கூலிகளைக் கொண்டுவந்தார்கள். சமரசம் ஆனதும் பழைய ஆட்கள் வேலைக்குத் திரும்பினார்கள், வந்தவர்களைப் போகச் சொன்னார்கள். மே 26 அன்று கரையிலேயே சண்டை மூண்டு நகரம் முழுக்கக் கலவரம். செத்தது பெரும்பாலும் கூலிக்காரன். கம்பெனிக்காரனுக்கும் ஸ்டீவடோருக்கும் ஒரு கீறல் விழவில்லை.

தாத்தாவுக்கு மூச்சு வாங்குகிறது. மிச்சம் நாளைக்கு.

9. லைங்தாயா தையல்

தாத்தா சொன்னது எனக்கு அப்படியே புரிகிறது. நான் ஏழு வருஷம் தையல் ஆலையில் இருந்தேன். ஆலையின் சொந்தக்காரர் வேறு நாட்டுக்காரர், வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார், சிரித்துவிட்டுப் போவார். எங்களுக்கு எமன் லைன் லீடர்தான்.

2018-ல் குறைந்தபட்சக் கூலி ஒரு நாளைக்கு 4800 கியாட் ஆனது. அதை மட்டும் வைத்து யாரும் வாழ முடியாது. மிகுநேரக் காசும் அட்டெண்டன்ஸ் காசும்தான் சோறு. மாதத்தில் ஒரு நாள் வராவிட்டால் எங்கள் ஆலையில் அட்டெண்டன்ஸ் காசு முழுக்கப் போய்விடும். வந்தாயா, வரவில்லையா, தாமதமா என்று குறிப்பது லைன் லீடர் பேனா. நீலப் பேனா. ஏழே கால் மணிக்கு வந்தாலும் அவளுக்குப் பிடித்தவள் என்றால் ஏழு, பிடிக்காதவள் என்றால் தாமதம். அவள் பொண்ணு பிறந்தநாளுக்கு நாங்கள் ஏன் காசு போட்டோம் என்று நினைக்கிறீர்கள்?

சங்கம் வைக்கலாம் என்று 2011-ல் சட்டம் வந்தது. குறைந்தது 30 பேர் வேண்டும், அந்த முப்பதும் மொத்தத் தொழிலாளரில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது. அதற்கு முன் எத்தனையோ வருஷமாகச் சுதந்திரமான சங்கமே கிடையாது என்பதால் நாங்கள் திருவிழா மாதிரி சேர்ந்தோம். எங்கள் தலைவி நல்லவள், தைரியசாலி. பேச்சுவார்த்தைக்கு அவள் மட்டும் உள்ளே போவாள். கொஞ்ச நாளில் வெளியே வந்து எங்களிடம் பாதிதான் சொன்னாள். அப்புறம் கால்வாசி. கெட்டவளாகிவிட்டாள் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. உள்ளே நடப்பதைத் தெரிந்த ஒரே ஆளாக ஒருத்தியை வைத்திருந்தது எங்கள் தப்பு.

10. வியாசர்பாடி பர்மாக்காரர்

வணக்கம். 1964-ல் ஆறு வயசில் கப்பலில் வந்தவன். சென்னையில் இருந்துகொண்டு பேசுகிறேன், மன்னிக்கவும்.

தங்கச்சி சொன்னதை ஜெர்மனியில் பிறந்த ராபர்ட் மிஷெல்ஸ் என்ற ஆள் 1911-லேயே எழுதிவிட்டார். அவர் பார்த்தது பண்ணையாரையோ ராஜாவையோ இல்லை. ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியை, அதாவது சமத்துவம் பேசிய தொழிலாளர் கட்சியை. அங்கேயே மேலே ஒரு சின்னக் கூட்டம் உட்கார்ந்துவிட்டது. காரணமாக அவர் சொன்னவை சாதாரண விஷயங்கள்: கட்சிப் பத்திரிகை அவர்கள் கையில், நிதி அவர்கள் கையில், விதிமுறை தெரிந்தவர்கள் அவர்கள். உறுப்பினர் வேலை முடிந்து அலுத்து வீட்டுக்குப் போகிறார், தலைவர் முழுநேரமும் அதே வேலையில் இருக்கிறார். அமைப்பு என்று ஒன்று வந்தாலே சிலர் ஆட்சி வந்தே தீரும் என்று இரும்பு விதி மாதிரி சொல்லிவிட்டார். அந்த மனிதரே பின்னால் முசோலினி கட்சியில் போய்ச் சேர்ந்தார் என்பது தனி வேடிக்கை.

நம் ஊரில் அந்த விதி பள்ளிக்கூடப் பாடம் மாதிரி நடந்தது. 1962-ல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார், சோஷலிசத் திட்டக் கட்சி என்று ஒன்று ஆரம்பித்தார். 1964-ல் மற்றக் கட்சிகளுக்குத் தடை. கடைகள் எல்லாம் நாட்டுடைமை. அதே வருஷம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது. அப்பா கடையை மக்கள் கடையாக்கி வாசலில் நம்பர் போட்டார்கள். பொறுப்புக்கு வந்தவருக்குப் பச்சரிசிக்கும் புழுங்கலரிசிக்கும் வித்தியாசம் தெரியாது என்று அப்பா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். கடை போனதைவிட அதுதான் அவருக்குப் பெரிய வருத்தம்!

கவனியுங்கள். நே வின் 1981-ல் ஜனாதிபதி பதவியை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார். கட்சித் தலைவர் பதவியை மட்டும் வைத்துக்கொண்டார், 1988 ஜூலை வரை. நாட்டை யார் ஆண்டது என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே அறிவிப்பில் குப்பை ஆயின. பதிலுக்கு 45, 90 என்று புது நோட்டு. இரண்டும் ஒன்பதால் வகுபடும். ஒன்பது அவருக்கு ராசி எண் என்று ஊரே பேசியது. ஒரு நாட்டின் மளிகைக் கணக்கே தலைகீழாகிறது, கட்சியில் ஒரு கை உயரவில்லை.

11. கிள்ளான் கடைக்காரன்

அண்ணே, நே வின் வருவதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள். 1958-ல் ஆளும் கூட்டணி இரண்டாக உடைந்தது. பிரதமர் ஊ நுவின் பக்கம் 'சுத்தமான'து, எதிர்ப்பக்கம் 'நிலையான'து என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஜூனில் நம்பிக்கையில்லாத் தீர்மானம், 127-க்கு 119. எட்டு ஓட்டில் ஊ நு தப்பினார். சில மாதத்தில் அவரே ராணுவத்தைக் கூப்பிட்டு ஆட்சியை ஒப்படைத்தார். ஆளுக்கு ஆள் தலைவரானால் கடைசியில் இதுதான். ஒரு பலமான ஆள் இருந்திருந்தால்?

12. மோல்மேன் டீச்சர்

பலமான ஆளும் இருந்தார் தம்பி, பின்னாளில், ஆங் சான் சூச்சி. நான் அந்த அம்மாவுக்கு ஓட்டுப் போட்டவள், இன்றும் மரியாதை உண்டு. அதனால்தான் சொல்லும் உரிமையும் உண்டு.

2015 தேர்தலுக்கு அவர் கட்சியின் வேட்பாளர் பட்டியல் வந்தபோது, 1988 மாணவர் போராட்டத் தலைவர்களில் ஒருவரான கோ கோ ஜி பெயர் இல்லை. வருஷக்கணக்காகச் சிறையில் கிடந்தவர். எங்களில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. முஸ்லிம் வேட்பாளர் ஒருவர்கூட நிறுத்தப்படவில்லை. அதையும் கேட்கவில்லை. அரசியல் சட்டம் அந்த அம்மாவை ஜனாதிபதி ஆகவிடவில்லை, அந்தச் சட்டம் அநியாயம்தான். அதற்கு அவர் தேர்தலுக்கு முன்பே சொன்ன பதில், தான் ஜனாதிபதிக்கு மேலே இருக்கப்போவதாக. எல்லாரும் கைதட்டினோம். நானும் கைதட்டினேன். எதிரியின் பூட்டைத் திறக்க இது ஒன்றுதான் வழி என்று தோன்றியது. இப்போது யோசித்தால் நாற்காலிக்கு மேலே ஓர் ஆள் உட்காரலாம் என்ற யோசனையை நாங்களே பழகிக்கொண்டோம். நே வின் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். ஒப்பிடுவது பாவம் என்று என் மகன் சண்டைக்கு வருகிறான். இருக்கட்டும்.

அதே வருஷம் ஆகஸ்ட் 12 இரவு அன்றைய ஆளுங்கட்சிக்காரர்கள், அதாவது தேர்தலுக்குப் பின் எதிர்க்கட்சி ஆனவர்கள், தலைநகர் நேபிடோவில் என்ன செய்தார்கள் என்பது நினைவிருக்கிறதா? கட்சித் தலைமையகத்தைப் பாதுகாப்புப் படை சூழ்ந்துகொண்டது. விடியும்போது கட்சித் தலைவர் ஷ்வே மன் தலைவராக இல்லை. அவர் அப்போது நாடாளுமன்ற சபாநாயகர்! அந்தக் கட்சியில் தலைவரை மாற்ற அதுதான் வழியாக இருந்தது. பொதுக்குழு, ஓட்டு, ஒன்றுமில்லை, இரவும் லாரியும்.

13. மட்டுறுத்துநர்

டீச்சர், இதோடு நிறுத்திக்கொள்வோம். அடுத்த வருஷங்களுக்குள் போக வேண்டாம்.

14. டல்லா தாத்தா (பேரன்)

தாத்தா காலையிலிருந்து இதற்காகவே காத்திருக்கிறார். அவர் சொல்கிறார்:

எல்லாரும் நம்மவர்களில் செட்டியார்களைக் கெட்டவர்கள் என்பார்கள். வட்டிக்கடை, நிலம் போயிற்று, எல்லாம் உண்மை. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் 1930-களின் கடைசியில் அவர்கள் கைக்கு வந்துவிட்டது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, குடியானவன் கடன் கட்ட முடியவில்லை. பர்மியர் நம்மைப் பார்த்துக் கொதித்ததில் அதற்கு நிறையப் பங்கு உண்டு.

ஆனால் அந்தக் கடைக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. என் பெரியப்பா ஒரு கிட்டங்கியில், அதாவது செட்டியார்கள் தொழில் நடத்தித் தங்குகிற கட்டடத்தில், சமையல் வேலை பார்த்தார், அவர் சொல்லிக் கேட்டது. கடையை நடத்துகிறவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள். அதற்கும் கீழே பெட்டியடிப் பையன், கணக்குப் பெட்டியடியில் உட்கார்ந்து தொழில் கற்கிறவன். மேலாளுக்கு ரங்கூனில் ராஜ மரியாதை, பணம் எடுக்க, கொடுக்க முழு அதிகாரம். ஆனால் கணக்கு மூன்று வருஷம். மூன்று வருஷம் ஆனதும் ஊருக்குப் போக வேண்டும். புதிதாக வருகிற மேலாளிடம் ஒவ்வொரு பத்திரமாக, ஒவ்வொரு நகையாக எண்ணி ஒப்படைத்துவிட்டுத்தான் கப்பல் ஏறலாம். அவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் சரி. திரும்பி வர வேண்டுமானால் ஊரில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத்தான் வருவான்.

வட்டிக்காரனுக்குத் தெரிந்தது உங்கள் சங்கத்துக்குத் தெரியவில்லையா என்று தாத்தா கேட்கிறார். நான் கேட்கவில்லை.

15. கிள்ளான் கடைக்காரன்

அபாரம் தாத்தா. ஆனால் மாறியது மேலாள்தானே? முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவரை யார் மாற்றினார்கள்?

16. டல்லா தாத்தா (பேரன்)

தாத்தா சிரிக்கிறார். "அவர் பணம், அவர் மாறமாட்டார். சங்கத்தில் பணம் யாருடையது?" என்கிறார்.

17. வியாசர்பாடி பர்மாக்காரர்

இதைக் கேட்டதும் மிஷெல்ஸை மூடி வைத்துவிட்டேன். அவர் தலைவர் ஏன் மாறமாட்டார் என்று சொன்னார், சரி. எண்ணி ஒப்படைக்கிற அந்த நாளைப் பற்றி அவர் அவ்வளவாக யோசித்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. யாருக்குத் திருட்டு வரும், யாருக்கு வராது என்று பார்க்கவே இல்லை செட்டியார்கள். நல்லவனும் எண்ணித்தான் கொடுக்க வேண்டும்.

எங்கள் ஊர்க் கட்சிகளைப் பற்றி மட்டும் இப்போது யாரும் கேட்காதீர்கள். அது தனி இழை, தனி வருஷம்.

18. லைங்தாயா தையல்

தாம்வே அண்ணே, அப்படியானால் உங்களுக்கு வேலை சுலபம். தலைவரைப் போகச் சொல்ல வேண்டாம், அவர் மனசு நோகும், உங்களுக்கும் ஆனாதே. அண்டாவை எண்ணச் சொல்லுங்கள் போதும். உட்கார்ந்து எண்ணி, நோட்டில் எழுதி, சாவியை இரண்டு பேரிடம் கொடுங்கள். ஆலையில் நாங்கள் அதைத்தான் செய்திருக்க வேண்டும். பேச்சுவார்த்தைக்கு ஒவ்வொரு தடவையும் வேறு ஒருத்தியைக் கூட அனுப்பியிருக்க வேண்டும். சட்டத்திலேயே ஆலைக் குழுவுக்குத் தொழிலாளர் பக்கம் இரண்டு பேர் என்றுதான் இருந்தது. இன்னொருத்தி பெயர் காகிதத்தில் மட்டும் இருந்தது. அவள் நான்தான்.

19. மோல்மேன் டீச்சர்

அடியே! இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

20. லைங்தாயா தையல்

வெட்கம் டீச்சர். இரண்டு தடவை கூப்பிட்டார்கள், மிகுநேரக் காசு போகுமே என்று நான் போகவில்லை.

21. தாம்வே கணக்கன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஆபீசில் ஒன்றும் மாறவில்லை, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. முத்திரை இன்னும் இழுப்பறையில்தான்.

சங்கக் கூட்டத்தில் கேட்டேன். தலைவர் தப்பு செய்தார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாத்திரத்தை எண்ணி நோட்டில் ஏற்றலாமா, கணக்கு வருஷம் முடிகிறது என்றேன். அறை அமைதியாகிவிட்டது. மின்விசிறிச் சத்தம் மட்டும். தலைவர் என்னையே பார்த்தார். பிறகு, "இத்தனை வருஷத்தில் யாராவது கேட்டீர்களா? நானா வேண்டாம் என்றேன்?" என்றார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. எனக்கு உண்மையாகவே சங்கடமாகப் போயிற்று.

மறுநாளே எண்ணினோம். பெரிய அண்டா ஒன்பது, சின்னது ஆறு, அன்னக்கூடை நாலு, கரண்டி கணக்கில்லை. இரண்டு அண்டாவைக் காணோம். அவருக்கும் தெரியவில்லை, கல்யாண வீட்டுக்குப் போனது திரும்பவில்லை போல. பெயர் வெட்டிய நாலையும் நானே துடைத்து வைத்தேன், அவர் மனைவி டீ கொடுத்தார். புதுப் பூட்டு, இரண்டு சாவி. ஒன்று எனக்கு, ஒன்று செயலாளருக்கு.

அன்றிலிருந்து காலை ஐந்து மணிக்கு போன் வருகிறது. அண்டா வேண்டும், பாய் வேண்டும், மைக் செட் இருக்கிறதா. நேற்று ஒரு பையன் வாசலில் நின்று, உள்ளே இருந்த என் மனைவியிடம், "லூஜி இருக்கிறாரா?" என்று கேட்டிருக்கிறான். பர்மிய மொழியில் பெரிய மனிதர் என்று அர்த்தம்.

22. கிள்ளான் கடைக்காரன்

ஹா ஹா. வாழ்த்துகள் லூஜி.

23. லைங்தாயா தையல்

அண்ணே, செயலாளரிடம் இருக்கிற இரண்டாவது சாவிக்கு யாரும் போன் செய்வதில்லையா?

24. தாம்வே கணக்கன்

அதுவும் இப்போதைக்கு என்னிடம்தான் இருக்கிறது. அவர் பகோ போயிருக்கிறார், வரும்வரை வைத்துக்கொள்ளச் சொன்னார்.